பானெட் மேல் போன ரத்தம்

அந்தக் கோடையில் என் மகளிடம் நான் அதிகம் சொன்னது, "தாடையை நெஞ்சுல வை" என்பதைத்தான். சாப்பிடும்போது, தலை வாரும்போது, அவள் போனை நோண்டிக்கொண்டிருக்கும்போது, நினைத்த நேரத்திலெல்லாம் சொல்வேன். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குனிந்து தாடையை நெஞ்சில் முட்டிவிட்டு, "முட்டிருச்சு, போதுமா?" என்பாள். மூளைக்காய்ச்சல் வந்தால் கழுத்து விறைத்துப்போகும், தாடை நெஞ்சைத் தொடாது. அவளுக்கு அது இரண்டு முறை வந்திருந்தது. மூன்றாவது முறையும் வருமா என்ற ஒரே கேள்விதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது.

நான் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கம் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்வதைப் பற்றி யாரும் இரண்டாவது வார்த்தை பேசமாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பும் அவர் எனக்கு மாமாதான், பின்பும் மாமாதான். கூப்பிடும் வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு மகள் ஒருத்திதான்.

முதல் முறை காய்ச்சல் வந்தபோது அவள் பத்தாம் வகுப்பு. தர்மபுரியில் வைத்துப் பார்த்தோம், பிழைத்தாள். கண் பட்டுவிட்டது என்று சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் அதை மறந்துவிட்டோம். இரண்டாவது முறை வந்தபோது அவள் சேலத்தில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாள். காலையில் தலைவலி என்று படுத்தவளுக்கு மதியத்துக்குள் பேச்சு குழறுகிறது என்று வார்டன் போன் செய்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் காலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் அவை மறையவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மிஸ், நான் ஹோம்வொர்க் முடிச்சிட்டேன் மிஸ்" என்றாள். பெற்ற மகளுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

எப்படியோ தேறினாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். "ஒரு தடவ வந்தா கிருமி மேல பழி போட்டுட்டு விட்டுடலாம். அதே கிருமி ரெண்டாவது தடவ வந்தா உடம்பத்தான் கேள்வி கேக்கணும்" என்றார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, சொந்தத் தாய்மாமன்" என்றார் என் கணவர், பெருமையாக. டாக்டர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. படித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "எங்க ஊருல பாதிப் பேரு அப்படிக் கட்டிக்கிட்டவங்கதாங்க டாக்டர். எல்லார் வூட்டுப் பிள்ளைங்களுக்குமா மூளைக்காய்ச்சல் வருது?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வர்றதில்லம்மா. அதனாலதான் ஊகிக்காம டெஸ்ட் பண்ணிப் பாக்கலாங்கறேன்" என்றார்.

அப்புறம் அவர் விளக்கினார். நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். கிருமி உள்ளே வந்ததும் முதல் புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும். கடைசியில் வருகிற சில புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து கிருமியின் மேல்தோலில் ஓட்டை போட்டுவிடும். கிருமி அங்கேயே சாகும். என் மகளுக்கு வந்த கிருமியைக் கொல்ல உடம்பு பெரும்பாலும் இந்த ஓட்டையைத்தான் நம்பியிருக்கிறது. வரிசையில் ஒன்று இல்லாமல் பிறந்தவர்களை அந்தக் கிருமி திரும்பத் திரும்பத் தேடி வரும் என்றார். அந்தப் புரதங்களுக்கு நம்பர்தான் பெயர். ஆனால் ஒன்றுக்கு அடுத்தது நான்கு, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று வரிசை போகிறது. யாராவது ஒரு கணக்கு வாத்தியாரைக் கேட்டுப் பெயர் வைத்திருக்கலாம் என்று அந்த நிலைமையிலும் எனக்குத் தோன்றியது.

மாமாவுக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பி, "வூட்டுக்குத் தளம் போட்டோமே மாமா, அப்ப ஆளுங்க வரிசையா நின்னு கலவைச் சட்டியைக் கைமாத்தி மேல ஏத்துனாங்கல்ல. நடுவுல ஒரு ஆளு இல்லன்னா சட்டி மேல போவாது. அந்த மாதிரி" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு, "அதேதான்" என்றார்.

செய்ய வேண்டிய டெஸ்ட் மூன்று. சி3, சி4 என்ற இரண்டும் அந்த வரிசையில் குறிப்பிட்ட இரண்டு ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பவை. மூன்றாவது சிஎச்50. அது யாரையும் எண்ணுவதில்லை. சட்டி மேலே போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஆட்டு ரத்த அணுக்களை எடுத்து, நம் ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்களாம். எவ்வளவு சேர்த்தால் பாதி அணுக்கள் உடைகின்றன என்பதுதான் கணக்கு. ஐம்பது என்ற எண் அந்தப் பாதியிலிருந்து வந்தது. மாமா சட்டென்று நிமிர்ந்து, "ஆட்டு ரத்தமுங்களா? இவளுக்குச் சின்னதுலருந்தே ஆட்டுக்கறி சேராதுங்களே" என்றார். அந்த ஆட்டு ரத்தம் டெஸ்ட் குழாயில் சேர்வதுதான், மகள் வாயில் போவது கிடையாது என்று நான் அவருக்கு வெளியே வந்து சொல்லவேண்டியிருந்தது.

உடனே செய்ய முடியாது என்றார் டாக்டர். நோய் இருக்கும்போது அந்தப் புரதங்கள் செலவாகியும் இருக்கும், கூடியும் இருக்கும், எண்ணை நம்ப முடியாது. உடம்பு நன்றாகத் தேறிய பிறகு ஊரிலேயே ரத்தம் எடுத்து, நீரைப் பிரித்து, குளிர் விடாமல் சேலத்துக்கு அனுப்பச் சொன்னார். "குளிர் விடக் கூடாது" என்பதை அழுத்திச் சொன்னார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

ரத்தம் எடுத்த நாளில் எனக்குத் தேர்வுப் பணி. லீவு கேட்டால் தலைமையாசிரியர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று, மாமாவை மகளோடு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். கடைவீதியில் இருக்கிற லேப் எங்களுக்குப் பழக்கமானது. லேப் தம்பி ரத்தத்தை எடுத்து, மெஷினில் வைத்துச் சுற்றி, நீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, ஐஸ் பைகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்து டேப் ஒட்டிவிட்டான். தானே மற்ற சாம்பிள்களோடு சாயந்திரம் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். மாமாவுக்குச் சாயந்திரம் வரை பொறுமை இல்லை. சேலம் பஸ் டிரைவர் தன் ஆளுதான், இப்போதே அனுப்பிவிடலாம், அங்கே பஸ் ஸ்டாண்டில் லேப்காரர்களை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லு என்று பெட்டியைக் கையோடு வாங்கிக்கொண்டார். நான் சாயந்திரம் வந்து கேட்டபோது, "பத்திரமா போயிருச்சு" என்றார். அவர் சொன்ன அந்தப் பத்திரத்தின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

ரிப்போர்ட் என் போனுக்கு வந்தபோது நான் சமையல்கட்டில் இருந்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திறந்தேன். சி3, இருக்கவேண்டிய அளவில். சி4, இருக்கவேண்டிய அளவில். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மூன்றாவது வரியில் சிஎச்50க்கு நேராக முதலில் ஒரு குறி, அதற்குப் பிறகு மிகச் சிறிய ஓர் எண். எங்கள் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலேயே நான் சொல்லிக்கொடுக்கிற குறிதான். இதைவிடக் குறைவு என்று அர்த்தம். கருவியால் அளக்க முடிந்த கடைசி அளவுக்கும் கீழே. அதாவது ஒன்றுமே இல்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் நான் நகரவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர், "ரெண்டு காரணம் இருக்கலாம்மா. சி3, சி4 இருக்கு, ஆனா வரிசை வேலை செய்யல. ஒண்ணு, பின்னால இருக்கற ஏதோ ஒரு புரதம் அவளுக்குப் பிறவியிலேயே இல்லாம இருக்கணும். இல்லன்னா சாம்பிள் வழியில சூடு பட்டுக் கெட்டுப்போயிருக்கணும். சூட்டுல அளவு அப்படியே தெரியும், வேலை மட்டும் செத்துடும். எப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

கொடிக்காலுக்கு நடந்தே போனேன். மாமா அகத்தி மரத்தோடு சேர்த்துக் கொடியைக் கோரையால் கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "ரத்தப் பெட்டியை பஸ்ல எங்க வெச்சாங்க மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"டிரைவருக்குப் பக்கத்துலயே, பானெட் மேல வெக்கச் சொன்னேன். வேற எடத்துல வெச்சா எவனாவது மேல மூட்டையப் போட்டுருவான்" என்றார்.

எங்கள் பக்கத்து பஸ்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தின் மதிப்பு தெரியும். டிரைவருக்கு இடது கைப்பக்கம் என்ஜினை மூடியிருக்கிற மேடுதான் பானெட். கல்யாணப் பத்திரிகைக் கட்டு, முகூர்த்தப் புடவை, சாமி படம், கோர்ட்டுக் காகிதம் என்று யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத சாமானெல்லாம் அங்கேதான் பயணம் போகும். டிரைவரின் கண் பார்வையிலேயே இருக்கும், திருட்டுப் போகாது. ஆனால் மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது அதன் மேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கொதிக்கும் என்றும் தெரியும். சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம்.

"உங்க வெத்தலைக் கட்ட அங்க வெப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்புடி வெக்கிறது. வெத்தல வாடிருமே."

"வெத்தல வாடும், ரத்தம் வாடாதா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ரத்தம் ஒடம்புல சூடாத்தான இருக்குது டீச்சரு" என்றார். கோபம் தலைக்கேறும்போதுகூட அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது எனக்குத் தெரிந்தது. உடம்புக்குள் சூட்டில் இருந்தே பழகியதற்குச் சூடு என்ன செய்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூறு இருக்கிறதா, டாக்டர் அத்தனை தடவை சொன்னாரே, காது என்ன கொடிக்காலிலேயே இருந்ததா என்றெல்லாம் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துபோய், "ஏன் சிரிக்கிற?" என்றார். டெஸ்ட் கெட்டுப்போனதுதான், மகளுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

டாக்டரிடம் பானெட் கதையைச் சொன்னபோது அவரே ஒரு நிமிஷம் சிரித்தார். ஐம்பத்தாறு டிகிரிக்குக் கொண்டுபோனால் காம்ப்ளிமென்ட் முழுதாகச் செத்துவிடும், லேபில் வேண்டுமென்றே அதைச் சாகடிக்க அப்படித்தான் செய்வார்கள், உங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே செய்துவிட்டார் என்றார். ஆனால் உடனே குரல் மாறியது. "இப்ப நமக்கு ஒண்ணும் தெரியாதுங்கறதுதான் உண்மை. கெட்டுப்போன டெஸ்ட்ட வெச்சு நல்லா இருக்கான்னும் சொல்ல முடியாது. நேரா இங்க கூட்டிட்டு வாங்க, இங்கயே ரத்தம் எடுக்கலாம். அதுவரைக்கும் காய்ச்சல்னு வந்தா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி மட்டும்தான் என் மனசில் தங்கியது.

அதன் பிறகு மாமாவின் பாடு திண்டாட்டம். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நானே சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் அவரைப் பிடித்து ஆளுக்கொரு பாட்டம் திட்டினார்கள். டீக்கடையில் அவரைப் பார்த்தவர்கள், "என்னப்பா, இன்னிக்கு பானெட்டுல என்ன அனுப்புன?" என்று கேட்டார்கள். அவரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "ஆமாங்க, என் புத்திதான் கெட்டுப்போச்சு" என்று சிரித்தபடி ஒத்துக்கொண்டார். திட்டு வாங்க வாங்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். மகள் ஹாஸ்டல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள். ஜூனில் கல்லூரி திறந்ததும் போய்விடுவேன் என்றாள். இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது என்றால், "அது சும்மா ஒரு பார்மாலிட்டிம்மா" என்பாள்.

சேலம் போக நாள் குறித்திருந்தபோது அவளுக்குச் சளி பிடித்தது. சளி முழுவதும் போன பிறகு வாருங்கள் என்று டாக்டர் தள்ளிவைத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் அவள் நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. "தாடையை நெஞ்சுல வை" என்றேன். வைத்தாள். ஆனால் பாதியில் முகத்தைச் சுளித்த மாதிரி எனக்குப் பட்டது. மறுபடி வைக்கச் சொன்னேன். "எத்தன தடவம்மா" என்று கத்தினாள். கையைப் பிடித்துப் பார்த்தால் முழங்கைக்கு மேல் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள்.

கண்ணாடி டம்ளரை எடுத்து வந்து புள்ளியின் மேல் அழுத்திப் பார்த்தேன். அப்படிப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறைந்தது போலவும் இருந்தது, மறையாதது போலவும் இருந்தது. டெஸ்ட் கெட்டதுதான் என்று ஊரெல்லாம் சொன்ன நான், அந்த நேரத்தில் அதை ஒரு துளியும் நம்பவில்லை. மாமா அதற்குள் பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பின் சீட்டில் நான் அவளிடம் அவள் பெயரையும், எங்கள் தெருவின் பெயரையும், ஏழாம் வாய்ப்பாட்டையும் கேட்டுக்கொண்டே போனேன். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னவள் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். மூளை தெளிவாக இருக்கிறது என்று எனக்கு அதிலேதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் முதலிலேயே ஓர் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வெறும் சளிக்காய்ச்சல். கையில் இருந்தது கொசுக்கடி. வீட்டுக்கு வந்ததும் மகள் என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் இப்படித்தான் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறீர்களா, நான் எப்படிப் படிப்பது, எப்படி நாலு பேரோடு வாழ்வது என்று அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் வந்ததா, என் மேல் வந்ததா, அந்தக் கெட்டுப்போன ரிப்போர்ட்டின் மேல் வந்ததா என்று தெரியவில்லை. தெரிந்துவிட்டால் போதும், எதுவாக இருந்தாலும் தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

சளி முற்றிலும் போன பிறகு மூன்று பேருமாக சேலம் பஸ் ஏறினோம். முன் சீட்டுதான் கிடைத்தது. பானெட் மேல் யாருடையதோ ஒரு ஜாதகப் பை இருந்தது. மாமா அந்தப் பக்கமே திரும்பாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். லேபில் ரத்தம் எடுத்த பெண்ணிடம், "ஐஸ் இருக்குதுங்களா? எவ்வளவு நேரத்துல வெப்பீங்க?" என்று அவர் துளைத்தெடுத்துவிட்டார். அந்தப் பெண் பாவம், பொறுமையாக அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, சுற்றிப் பிரித்ததையும், குழாயைக் குளிர்பெட்டிக்குள் வைத்ததையும் காட்டினாள். கதவு மூடிய பிறகுதான் அவர் நகர்ந்தார். "இந்தத் தடவ சூடு படறதுக்கு வழியே இல்ல" என்று என்னிடம் வந்து சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியில் மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். அவர் நன்றாகவே சாப்பிட்டார்.

முதல் முறை போல் இந்த முறை போனில் எதுவும் வரவில்லை. மூன்று பேரும் நேரில் வாருங்கள் என்று டாக்டரின் ஆளுதான் கூப்பிட்டான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவிடம் சொல்லவில்லை.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது வரி இரண்டிலும் ஒன்றுதான். அதே குறி, அதே சின்ன எண். அவர் அதோடு நிறுத்தாமல் அன்றைக்கு எடுத்த ரத்தத்திலேயே பின்வரிசைப் புரதங்களைத் தனித்தனியாகவும் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆறாவது இல்லை. குறைவாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் உடம்பு அதைச் செய்வதே இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதுகள் சேர்ந்தால்தான் இப்படி ஆகும் என்றார். ஒரே குடும்பத்து ரத்தம் என்பதால் ஒரே பழுது எங்கள் இருவரிடமும் இருந்திருக்கிறது. இந்த முறை நான் டாக்டரிடம் சண்டைக்குப் போகவில்லை.

"இவங்க நல்லா வாழலாம்" என்றார் டாக்டர், மகளைப் பார்த்து. "ரெண்டு வகைத் தடுப்பூசி போடணும், அப்பப்ப திரும்பவும் போட்டுக்கணும். காய்ச்சல்னா யாரையும் கேக்காம நேரா ஆஸ்பத்திரி. போன உடனே இந்தக் குறை இருக்குன்னு சொல்லணும். முன்னாடி ரெண்டு தடவ தெரியாம வந்தது. இனிமே தெரிஞ்சு இருக்கீங்க, அது பெரிய வித்தியாசம்."

"திரும்ப வருமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"வரலாம். வந்தா முதல் மணி நேரத்துலயே புடிச்சிடணும்."

அவள் தலையாட்டினாள். ஹாஸ்டலுக்குப் போகலாமா என்று அடுத்து கேட்டாள். ஊசி போட்டுக்கொண்டு, கூட இருக்கிற பெண்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார் டாக்டர். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

அவளை ஊசி போடும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். நானும் மாமாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். டாக்டர் அறையில் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் தோளில் இருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். என் தாத்தா, அவரைப் பெற்ற அப்பா, செத்த அன்றைக்குக்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. சுற்றி இருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள்.

எதையாவது சொல்லித் தேற்றவேண்டும் என்று, "ஏன் மாமா அழுவறீங்க? உங்க மேல தப்பே இல்லன்னு ஆயிருச்சுல்ல. பானெட்டாலயும் இல்ல, பஸ்ஸாலயும் இல்ல" என்றேன்.

"அதுக்குத்தான் அழுவறேன்" என்றார். பிறகு, துண்டை வாயிலிருந்து எடுக்காமலே, "என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதா. காலம் பூரா நீ திட்டுறத கேட்டுக்கிட்டே கெடந்திருப்பேனே" என்றார்.

நான் அந்தத் துண்டின் மறுமுனையை இழுத்து என் முகத்தை மூடிக்கொண்டேன்.